தாமதவியல்: கூடத்துச் சோபாவை முன்வைத்து ஓர் ஆய்வு

முடிவு தெரிந்த தொடரைத் தொலைக்காட்சியில் மறுபடி உட்கார்ந்து பார்க்கிறவரும், முடிவை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று காதைப் பொத்திக்கொண்டு ஃபேன்டஸி நாவல் படிக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது எங்ஙனம்? இவ்வாய்வு எழுந்த காரணம் இந்த ஒரு வினாவே. யானைக்கு நம்மிடம் நூல் உண்டு, குதிரைக்கு உண்டு, பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குக்கூட உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் சாய்ந்து, ஒரு கையில் ரிமோட்டும் மறுகையில் தலையணை தடிமனில் ஒரு புத்தகமுமாகக் கிடப்பவருக்கு மட்டும் இல்லை. அக்குறை இன்றோடு தீர்ந்தது என்க.

ஆய்வின் எல்லை: கூடம், அதை ஒட்டிய அடுக்களை வாசல், இரவானால் படுக்கையறை விளக்கு. கருவிகள்: மேற்படி ரிமோட், புத்தகத்தில் அடையாளம் வைக்கப் பயன்பட்ட மின்கட்டண ரசீது. தரவு தந்தோர் வீட்டார். அவர்களிடம் ஒப்புதல் பெறவில்லை. கேட்டிருந்தால் தரவுக்குப் பதில் வேலை கிடைத்திருக்கும்.

பழைய தொடர்களுள் தலையாயதாக இங்கே கொள்ளப்படுவது ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’. 1987 ஜனவரி 25 தொடங்கி 1988 ஜூலை 31 வரை ஞாயிறுதோறும் காலையில் தூர்தர்ஷனில் ஓடியது. ஊரடங்கில் நாடு வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, 2020 மார்ச் 28 முதல் மறுபடி ஒளிபரப்பினார்கள். அந்த ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. பார்த்ததையே பார்க்க இத்தனை பேரா என்று பலர் வியந்தார்கள். வியக்க ஒன்றுமில்லை. 1987இலேயே அது பார்த்ததுதான். மானைத் துரத்திப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியாமல் அந்தத் தொடர்முன் உட்கார்ந்தவர்கள் தொட்டில் பிள்ளைகள் மட்டுமே.

தமிழ்நாட்டுக் கூடங்களில் நிலைமை இன்னும் முற்றியது. தொடர் இந்தியில். சொல் ஒன்றும் விளங்காது, கதை முழுக்க விளங்கும். “பாட்டி, இப்ப கைகேயி என்ன சொல்றா?” என்று பேரன் கேட்டால், இந்தியில் ஓர் எழுத்தும் அறியாத பாட்டி தயங்காமல் பொருள் சொல்வார். பாட்டியின் உரை வசனத்தைவிட நீளமாக இருக்கும். கைகேயிக்கு உரிய வசவும் அதில் சேர்ந்திருக்கும்.

ஆக, நம்மிடையே முதற்பார்வை என்பதே அரிய நிகழ்வு. கர்ண மோட்சம் கூத்துக்குப் போகிறவர் கர்ணன் பிழைப்பானா என்று பார்க்கப் போவதில்லை. எத்தனை மணிக்குச் சாவான் என்று விசாரித்துவைத்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி நடுவில் கண்ணயரப் போகிறார்.

அப்படியானால் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார்? இங்கே இவ்வாய்வின் மையக் கருதுகோள் முன்வைக்கப்படுகிறது: அவர் பார்ப்பது தாமதத்தை.

சான்று, அம்பு. நல்ல வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் போகும். இரு தேர்களுக்கு நடுவே 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நொடியில் விவகாரம் முடிந்துவிட வேண்டும். சாகரின் போர்க்களத்தில் நடப்பது வேறு. அம்பு புறப்படும். ராவணன் முகம். அம்பு. ராமன் முகம். விபீஷணன் கவலை. வானரங்கள் அண்ணாந்து பார்த்தல். மறுபடி அம்பு, இப்போது ஒளி வட்டத்தோடு. எதிர்த்திசையிலிருந்து இன்னோர் அம்பு. இரண்டும் நடுவானில் சந்தித்து, பொருதி, ஒன்று மறையும். அம்பு கிளம்பியதும் அடுக்களைக்குப் போய், பொங்குகிற பாலை இறக்கிவைத்துவிட்டு, அம்பு சேர்வதற்குள் திரும்பிவந்து உட்கார்ந்த தாய்மார்கள் உண்டு. எதையும் தவறவிட்டதாக அவர்களுள் ஒருவரும் முறையிட்டதில்லை. அந்த அம்பு இரண்டு நொடியில் போய்ச் சேர்ந்திருந்தால் 7.7 கோடி ஏது?

ஃபேன்டஸி நாவலுக்கும் இதுவே விதி. டோல்கீனின் ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ 1954–55இல் மூன்று பாகமாக வெளிவந்தது. ஒரு மோதிரத்தை எரிமலைக்குள் போட வேண்டும், கதை அவ்வளவே. முதல் அத்தியாயத்தில் பிறந்தநாள் விருந்து நடக்கிறது. அது எப்பேர்ப்பட்ட மோதிரம் என்று தெரியவருவதற்குள் கதைக்குள் 17 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பிறகும் பதற்றமில்லை. செப்டம்பர் 23ஆம் நாள் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஃப்ரோடோ, மார்ச் 25ஆம் நாள் மோதிரம் நெருப்பில் விழும்வரை பெரும்பாலும் நடக்கிறான். நடுநடுவே சாப்பிடுகிறார்கள், பாடுகிறார்கள், மரங்களோடு பேசுகிறார்கள். அந்த மரங்கள் ஒரு முடிவுக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம் நம் ஊர் வாய்க்கால் தகராறு பஞ்சாயத்தையும் விஞ்சியது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்புவர். கடைசியில் ஃப்ரோடோவை எரிமலையிலிருந்து தூக்கிவந்த கழுகுகள் முதலிலேயே வந்து, மோதிரத்தையும் அவனையும் சுமந்துபோய், மேலிருந்து போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாமே என்பது தடை. மேனாட்டு வாசகர்கள் பல பத்தாண்டுகளாக இதற்கு விடை தேடி மல்லுக்கட்டுகிறார்கள். கழுகுகளின் தன்மானம் என்கிறார் ஒருவர். எதிரியின் கண் வானத்தையும் பார்க்கும் என்கிறார் மற்றொருவர். சுந்தர காண்டம் படித்த எவருக்கும் இந்தத் தொல்லை இராது. அங்கே இதே யோசனையை அனுமனே சொல்கிறான்: தாயே, என் தோளில் ஏறிக்கொள்ளுங்கள், இப்போதே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். சீதை மறுத்துவிடுகிறாள். கணவன் வந்து பகையை முடித்து மீட்டுச்செல்வதே அவனுக்குப் பெருமை என்பது அவள் தரப்பு. காரணம் உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆயினும் தாமதவியலார் நோக்கில் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். அவள் சரி என்றிருந்தால் சேது இல்லை, கும்பகர்ணனை எழுப்பும் பாடு இல்லை, சஞ்சீவி மலை இல்லை. யுத்த காண்டமே இல்லை. கம்பனுக்குப் பாதி வேலை மிச்சம். தூர்தர்ஷனுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமனே கிடந்திருக்கும். கழுகை மறுத்த டோல்கீனும் அனுமனை மறுத்த சீதையும் ஒரே நெறியில் நிற்பவர்கள். பெருங்கதை என்பது குறுக்குவழியைக் கண்ணெதிரே காட்டிவிட்டு, அதில் போக மறுப்பது.

(இதைக் கேட்ட கல்லூரி மாணவர் ஒருவர், அப்படியானால் நம் அரசு அலுவலகங்களும் பெருங்கதைதானா என்றார். அந்த ஆய்வு வேறு.)

குறுக்குவழி மறுப்பு முற்றும்போது புத்தகம் பருக்கிறது. ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாவது 766. ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 1990இல் தொடங்கி 14 பெருந்தொகுதிகளாக வளர்ந்தது. ஆசிரியர் 2007இல் காலமானார், கதை காலமாகவில்லை. பிராண்டன் சாண்டர்சன் என்பவர் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு எழுதி 2013இல் முடித்துவைத்தார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் ஐந்தாம் நூல் 2011இல் வந்தது. ஆறாவதற்கு வாசகர்கள் காத்திருக்க, அவ்வரிசையை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் 2019இல் முந்திக்கொண்டு முடிந்துபோனது. காத்திருந்த அப்பாவின் எதிரில், ஒரு பக்கமும் படிக்காத மகன் முடிவு தெரிந்த புன்னகையோடு காப்பி குடித்த கொடுமை பல வீடுகளில் நடந்தது.

தாமதத்தின் ஆதிமூலம் எது என்று தேடிப்போனால் ஆராய்ச்சியாளர் வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒரு முருங்கை மரம். விக்கிரமன் ஏறுவான், வேதாளத்தை இறக்குவான், தோளில் போட்டு நடப்பான், அது கதை சொல்லிக் கேள்வி கேட்கும், அவன் வாய்திறப்பான், அது மறுபடி மரத்துக்குப் போய்விடும். மறு ஒளிபரப்பு என்பதைக் கண்டுபிடித்தது தூர்தர்ஷன் அன்று, வேதாளம் என்க. பழைய நூல்களில் 25 கதையோடு இது தீர்ந்துவிடும். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ தீரவிடவில்லை. 25 தீர்ந்த பின்னும் வேறு வேறு நாட்டுக் கதைகளை வேதாளத்தின் வாயில் போட்டு, சங்கரின் ஓவியத்தில் அந்த மன்னனைப் பல பத்தாண்டுகள் சுடுகாட்டில் நடக்கவைத்தார்கள். மாதாமாதம் அதே தொடக்கம், அதே முடிவு. ஒரு சிறுவனும் இதழைத் தூக்கி எறிந்து, இதைத்தான் போன மாதமே படித்தேனே என்று கேட்டதில்லை.

இன்னொன்று. 1980களின் நடுவில் ராமானந்த் சாகர் இந்த வேதாளக் கதைகளைத் தொடராக எடுத்தார். அதில் விக்கிரமனாக வந்தவர் அருண் கோவில். வேதாளம் சுமந்த அதே தோளில்தான் பிறகு ராமனின் வில் ஏறியது. பழைய தொலைக்காட்சியும் மாயாஜாலக் கதையும் ஒரே குலம் என்பதற்கு இதைவிட வலுவான உடற்கூற்றுச் சான்று கிடைப்பது கடினம்.

இனி மெய்ப்பாடு. தொல்காப்பியர் எட்டுச் சொன்னார். கூடத்துச் சோபாவை அவர் கண்டதில்லை. மறுபார்வையாளரிடம் காணப்படும் ஒன்பதாவது மெய்ப்பாடு முன்னறிவிப்பு. “இப்ப பாரேன்” என்பது இதன் குறி. அடுத்து வருவதை அறிந்தவர், அறிந்த பிறரிடமே அதைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கிறாரா, திடுக்கிடுகிறாரா என்று அவர் முகத்தைக் கண்காணிப்பார். ‘விடாது கருப்பு’ தொடரை மறுபடி பார்க்கிற குடும்பங்களில் இது உச்சத்தில் இருக்கும். குதிரைக் குளம்பொலி கேட்டதும் அன்று போர்வைக்குள் ஒளிந்தவர், இன்று அதே இடத்தில் தம் பிள்ளைகள் ஒளிகிறார்களா என்று பார்ப்பார். பிள்ளைகள் கைப்பேசியில் இருப்பார்கள். கருப்பு யார் என்பதை இவ்வாய்வில் வெளியிடப்போவதில்லை.

பத்தாவது, இருப்பு இறப்புக் கணக்கு. ஒவ்வொரு நடிகர் தோன்றும்போதும், இவர் போயிட்டார், இவர் இருக்கார், இவர் இருக்காரா என்று குரலெழும். அனுமனாக வந்த தாரா சிங் 2012இல் போனார். ராவணன் அர்விந்த் திரிவேதி 2020 மறு ஒளிபரப்பின்போது இருந்தார். அடுத்த ஆண்டுதான் மறைந்தார். தாம் நடித்த சீதையைக் கவரும் காட்சியைத் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே அந்த முதியவர் கைகூப்பிய காணொளி அப்போது ஊரெல்லாம் சுற்றியது. மறுபார்வையாளர்களுள் அவருக்கே முதலிடம் தருகிறோம். நடிப்பதற்கு முன்பே கதை தெரியும், நடிக்கும்போதும் தெரியும், இத்தனை ஆண்டு கழித்தும் தெரியும். இருந்தும் கை தானாகக் கூம்புகிறது.

ஃபேன்டஸி வாசகரின் மெய்ப்பாடுகள் பெரும்பாலும் விரல் சார்ந்தவை. முன்பக்க வரைபடத்தில் ஒரு விரல், பின்னிணைப்பு வம்சாவளியில் ஒரு விரல், படிக்கிற பக்கத்தில் கட்டைவிரல். இந்நிலையில் இருப்பவரிடம் மின்விசிறியைக் குறைக்கச் சொல்வது அறமாகாது.

இரு சாராருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அதை வயதுப் பெயர்ச்சி எனலாம். பத்து வயதில் எல்லாரும் ராமன் பக்கம். நாற்பதில் தசரதன் மேல் பரிவு வருகிறது. தவணைக்கு வாங்கிவிட்டு, எப்போதோ சொன்ன வாக்குக்கு மாட்டிக்கொண்ட மனிதர். ஐம்பதை நெருங்கும்போது கண் சுமந்திரன்மேல் விழுகிறது. மேலிடம் சொன்னபடி தேரை ஓட்டிப்போய், இறக்கிவிட்டு, வெறுந்தேரோடு தலைநகருக்குத் திரும்பி, கேட்கிற எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அலுவலர். முதற்பார்வையில் அவர் திரையில் இருந்தார் என்பதே நினைவில்லை. ஹாரி பாட்டர் படித்து வளர்ந்தவர்களுக்கும் இதே கதிதான். அன்று ஹாரியோடு காட்டுக்குள் ஓடியவர்கள், இன்று மெகோனகல் அம்மையார் இத்தனை கலவரத்துக்கும் நடுவில் விடைத்தாள் எப்போது திருத்தியிருப்பார் என்று கவலைப்படுகிறார்கள்.

தாமதவியலுக்கு இப்போது ஒரு பெரும் பகை தோன்றியிருக்கிறது. 1.5 மடங்கு வேகத்தில் பார்ப்போர். கூடத்துப் பள்ளியினர் இவர்களை நாத்திகர் என்பர். அடுக்களைப் பள்ளியினர், பால் இறக்கப் போய் வருவதற்குள் லங்கை எரிந்துவிடுகிறதே என்று நடைமுறை நோக்கில் கண்டிப்பர். கணக்குப் பார்த்தால் இருவரும் அஞ்ச வேண்டியதில்லை. நிஜ அம்புக்கு இரண்டு நொடி. சாகரின் அம்புக்குப் பால் பொங்கும் நேரம். 1.5 மடங்கு முடுக்கினாலும் அது இன்னும் நிதானமாகத்தான் போகிறது. 2 மடங்கில் வைத்துப் பார்த்த பேரன் ஒருவனிடம் பாட்டி கேட்டதாகத் தரவில் பதிவாகியிருக்கும் கேள்வி: “ஏன்டா, என்ன அவசரம், அவன் சாகத்தானே போறான்?”

“அதான் பாட்டி, அப்புறம் மகாபாரதம் வேற இருக்கு. தொண்ணூத்தி நாலு எபிசோடு.”

“சரி, அப்ப முதல்லேர்ந்து வை.”