ஆடும் கத்துச்சு, புலியும் கத்துச்சு

ஆடு புலி ஆட்டத்தில் தோற்றவன் "நான் தோத்துட்டனுங்க" என்று ஒப்புக்கொண்டதாகக் கொங்கு நாட்டில் இதுவரை தகவல் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, எங்கூர்ல இப்படி வெட்ட மாட்டாங்களே" என்பான். ஆட்டக்காரன் சொன்ன முதல் குறை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நம்ம பக்கத்துப் பழைய கோயில் மண்டபங்களிலும் ஊர்த் திண்ணைகளிலும் குனிந்து பார்த்தால் அந்தக் கட்டம் கண்ணில் படும். இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. செதுக்கின மகராசன் உளியைத் தூக்கிக்கொண்டு அக்கட்டால போய்விட்டான். புலிக்குப் பலம் அதிகம், ஆட்டுக்குக் கால் கட்டியிருக்கிறது என்று யாரிடம் போய் முறையிடுவது? ஆடுகிறவர்களே தீர்த்துக்கொண்டார்கள். ஓர் ஊரில் பதினைந்து ஆடும் இறங்கும் வரை எந்த ஆடும் அசையக் கூடாது. அடுத்த ஊரில் அசையலாம். கட்டம் கல்லில் இருந்தது, சட்டம் வாயில் இருந்தது. கல்லை மாற்ற முடியாது. வாயை மாற்றுவதற்கு நம்மாட்களுக்குச் சொல்லியா தரணும்?

சிக்கல் எப்போது வந்தது என்றால், கட்டம் போட்டவன் ஊரை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டபோது வந்தது. அதாவது, ஆன்லைன் ஆட்டம் பிறந்தபோது.

1997. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். நம்ம காங்கேயம் மாதிரி அதுவும் மாட்டுக்குப் பேர் போன சீமைதான். அங்கே ரிச்சர்ட் கேரியட் என்று ஒருவர். 'அல்டிமா' என்ற வரிசையில் கணினி ஆட்டங்கள் செய்தவர். ஆட்டத்துக்குள் ஒரு நாடு, பெயர் பிரிட்டானியா. அந்த நாட்டுக்கு ஒரு ராஜா, பெயர் லார்ட் பிரிட்டிஷ். ராஜா யாரென்றால் சாட்சாத் கேரியட்டேதான். தான் கட்டின வீட்டுக்குத் தானே கிரகப்பிரவேசம் செய்து, தானே மொய் எழுதிக்கொண்ட மாதிரி. கோயம்புத்தூராக இருந்தால், "ராஜாவுங்க, மகுடம் வாடகைக்குங்களா, சொந்தமுங்களா?" என்று ஒரு குசும்பன் கேட்டிருப்பான்.

அந்த ராஜா ஆயிரக்கணக்கான பேரை ஒரே உலகத்தில் ஒட்டுக்கா உலவவிட ஆசைப்பட்டார். 'அல்டிமா ஆன்லைன்' என்று பெயர். வடிவமைப்புக்குத் தலைமை ராஃப் காஸ்டர். இவர்கள் செய்த முதல் காரியமே ஆடு புலி ஆட்டம்தான். காட்டில் புல் முளைக்கும். புல்லை ஆடு மாதிரிச் சாதுக்கள் மேயும். சாதுக்களை ஓநாய் தின்னும். சாதுக்கள் குறைந்தால் ஓநாய் பசியோடு ஊர்ப்பக்கம் வரும், வீரர்கள் விரட்டுவார்கள். படிக்கப் படிக்க மெய்சிலிர்க்கிற திட்டம். மேய்ச்சல் காடு என்றால் என்னவென்று தெரிந்த எங்கள் அப்புச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "எல்லாஞ் செரி கண்ணு, இந்த வரவுசெலவுல மனுசன எங்க காணோம்?" என்றிருப்பார்.

ஒத்திகைக்குக் கதவைத் திறந்தார்கள். உள்ளே வந்த கூட்டம் ஆடு, மான், ஓநாய் எதையும் பார்க்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டியது. முளைக்க முளைக்க வெட்டியது. நோம்பிக்குக் கிடா வெட்டக்கூட இத்தனை ஆள் சேர்ந்திருக்க மாட்டார்கள். பார்த்துப் பார்த்துச் செய்த உணவுச் சங்கிலியைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். அப்படி ஒன்று இருந்ததே ஆட்டக்காரர்கள் யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். யாரும் ஒரு வரி குறை எழுதவில்லை. கையால்தான் சொன்னார்கள். ஒறம்பரை வந்தவர் "சாப்பாடு நல்லாருக்குதுங்க" என்று வாயால் சொல்வார். இலையில் எதை ஒதுக்கி வைத்தார் என்று பார்த்தால்தான் சமைத்தவளுக்கு உண்மை தெரியும்.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம், ஒத்திகையின் கடைசிக் கட்டம். ராஜா ஊர்வலம் வந்தார். நடுவில் சர்வர் ஒருமுறை படுத்து எழுந்தது. ராஜாவுக்குச் சாவில்லாதபடி ஒரு வரம் உண்டு; திரும்ப உள்ளே வந்தபோது அந்த வரத்தை மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டிவிட்டு அவினாசி ரோட்டில் கிளம்பின கதை. கூட்டத்தில் ரெய்ன்ஸ் என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர், திருடின மந்திரச் சுருளை வைத்து ராஜாவின் காலடியில் நெருப்பு மூட்டினார். ராஜா பொத்தென்று விழுந்தார், செத்தார். அடுத்த நிமிடம் அரண்மனைக்காரர்கள் பூதங்களை வரவழைத்து, வேடிக்கை பார்க்க வந்த பொதுஜனத்தைச் சகட்டுமேனிக்குக் கொன்று தீர்த்தார்கள். ஆட்சி என்றால் எல்லா ஊரிலும் ஆட்சிதான். பின்னால் ரெய்ன்ஸுக்குத் தடை போட்டார்கள். ராஜாவைக் கொன்றதற்காக இல்லையாம். ஆட்டத்தில் இருந்த ஓட்டைகளைக் கண்டால் வந்து சொல்லாமல், அதை வைத்தே பிழைத்ததற்காகவாம். ராஜா செத்துப்போகிற ஓட்டையை எல்லார் கண்ணெதிரிலும் இத்தனை விளக்கமாக வேறு யார் சொல்லிக் காட்டியிருக்க முடியும்?

செப்டம்பரில் ஆட்டம் கடைக்கு வந்தது. சர்வர் மாட்டுவண்டி வேகத்தில் போனது. அதைவிடப் பெரிய தொல்லை, மனிதப் புலிகள். புதிதாக வந்தவன் கத்தியும் கம்பளிச் சட்டையுமாக ஊர் எல்லையைத் தாண்டுவான். இட்டேரியில் ஒளிந்திருந்த நாலு பேர் வெட்டிப் போட்டு, போட்டிருந்த துணி வரை உருவிக்கொண்டு போவார்கள். ஆடுகள் கத்தின. எழுதிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்காததால் ஒருநாள் ஆட்டத்துக்குள்ளேயே ராஜாவின் கோட்டையில் கூடி, பொம்மைகளின் உடையைக் கழற்றிவிட்டு, குடித்துப் புரண்டு தர்ணா செய்தார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலே பார்த்திராத ரகம்.

காஸ்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே நாட்டாமை பண்ணிக்கொள்வார்கள், நாம் தலையிடக் கூடாது என்பது. கொள்கை நல்ல கொள்கை. புலிகளுக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. கொலைகாரன் தலைக்கு விலை வைத்தார்கள். பெயரைச் சிவப்பில் காட்டினார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் எங்கே சந்து இருக்கிறது என்று ஆடுகளுக்கு முன்னால் புலிகளே கண்டுபிடித்தன.

கடைசியில், 2000ஆம் வருடம் உலகத்தை இரண்டாக்கினார்கள். பிரிட்டானியாவின் வானத்தில் இரண்டு நிலா. அதில் ஒன்றின் பெயரான டிராமல், ஆட்டு உலகத்துக்கு. அங்கே யாரும் யாரையும் நினைத்தபடி வெட்ட முடியாது. இன்னொரு நிலாவான ஃபெலுக்கா, பழையபடி புலி உலகம். இதைச் செய்ய அவர்களுக்கு மூன்று வருடம் ஆனது. நம்ம குடியானவன் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டு ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தியது எத்தனை தலைமுறைக்கு முந்திய சங்கதி!

அப்புறம்? ஆடுகள் சந்தோசமாக வேலிக்குள் போய்விட்டன. புலிகள் வெறுங்காட்டில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. இப்போது புலிகள் கத்தின. "ஆட்டத்தைக் கெடுத்துப்போட்டாங்க! முன்னெல்லாம் எவ்வளவு விறுவிறுப்பு!" விறுவிறுப்பு யாருடைய தோலை உரித்து வந்தது என்று அவை சொல்லவில்லை. டிராமல் சரியா தப்பா என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இதே கதை தலைகீழாக நடந்தது. 'ரூன்ஸ்கேப்' என்ற ஆட்டம், ஜாகெக்ஸ் என்ற கம்பெனி. ஆட்டத்துக்குள் கிடைக்கிற பொன்னை வெளியில் நிஜப் பணத்துக்கு விற்கிற கும்பலை ஒழிக்கிறோம் என்று, 2007 டிசம்பரில் புலிகள் மோதிக்கொள்ளும் காட்டையே பூட்டிவிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின வைத்தியம். மூன்று வருடம் கூச்சல். 2011 ஜனவரியில் முடிந்த வாக்கெடுப்பில் பன்னிரண்டு லட்சம் ஓட்டுக்கு மேல் விழுந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று "திறந்து விடு". திறந்தார்கள். அதற்குள் ஆட்டமே வேறாகியிருந்தது. "எங்களுக்கு 2007இல் இருந்த பழைய ஆட்டம்தான் வேணும்" என்று அடுத்த பிடிவாதம். அலமாரியில் தேடினால் 2007 ஆகஸ்ட் மாதப் பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. 2013இல் அதைத் தூசி தட்டி, தனி ஆட்டமாகவே விட்டார்கள். இனிப் புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் ஊர்க்கூட்டத்தில் நூற்றுக்கு 75 பேர் கைதூக்க வேண்டும் என்று விதி. பின்னாளில் அது 70 ஆனது. கல்யாண மண்டபத்தில் ரசம் வேண்டுமா என்று கேட்டாலே 75 பேர் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனாலும் அந்த ஆட்டம் இன்றைக்கும் ஓடுகிறது.

பழசு கேட்கிற இந்த வியாதி நமக்குத் தெரியாததா? "ஆட்டுக்கல்லுல ஆட்டின மாவு மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடாத வீடு கோயம்புத்தூரில் உண்டா? விடுகிறவர் பெரும்பாலும் ஆண். ஆட்டினவர் பெரும்பாலும் அவர் இல்லை.

குறை கேட்பது எப்படி என்பதற்கு ஆஸ்டினையும் இங்கிலாந்தையும்விட இந்த ஆட்டுக்கல்தான் நல்ல பாடம். 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரைச் செய்தார். அதற்கு முன்னால் அவர் வீடு வீடாகப் போய், "அம்மிணி, உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? "ஆட்டிக் குடுக்க ஒரு மருமக வேணும்." குறை நிஜம், சொன்ன மருந்து தப்பு. வலி கையில், கல்லில் இல்லை. கிரைண்டர் கல்லை அப்படியே வைத்துக்கொண்டு கையை மட்டும் எடுத்துவிட்டது. அப்புறம் மாவை வழிக்கக் குனிய வேண்டியிருந்தது. சாய்க்கிற கிரைண்டர் வந்தது. அடுப்படியில் இடம் போதவில்லை. மேடை மேல் வைக்கிற டேபிள் டாப் வந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2011இல் அரசே மிக்சி, ஃபேனோடு சேர்த்து வீட்டுக்கு வீடு கிரைண்டரை இலவசமாகக் கொடுத்தது. மருமகளைக் கொடுத்திருந்தால் சட்டமன்றம் தாங்கியிருக்காது.

ஆட்டக் கம்பெனி இந்தப் பாடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி ஆட்டம். 2008 முதல் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுப் பஞ்சாயத்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து, கம்பெனியிடம் பேச அனுப்பும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட கம்பெனி 2011இல், பொம்மை மாட்டிக்கொள்கிற ஒற்றைக் கண்ணாடிக்கு அறுபது டாலருக்கு மேல் விலை வைத்தது. பேராசை நல்லதா என்று உள்ளுக்குள் விவாதித்த அலுவலக இதழும் வெளியே கசிந்தது. ஆட்டக்காரர்கள் கப்பல் கப்பலாகப் போய், ஆட்டத்தின் பெரிய சந்தையான ஜீட்டாவில் நின்ற நினைவுச் சின்னத்தைச் சுட்டார்கள். அது உடையாது என்று தெரிந்தும் சுட்டார்கள். பஞ்சாயத்தை அவசரமாக ஐஸ்லாந்துக்கு அழைத்துப் பேசினார்கள். அக்டோபரில் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். புலி என்று பார்த்தால் இந்த முறை பட்டிக்காரரேதான்.

நம்ம நாட்டுக்கு வந்தால், ஆட்டமே ஆடாத ஒரு கட்சி குறை சொல்லும். அதுதான் அம்மா. 2019 ஜனவரி 29, டெல்லியில் பரீட்சை பற்றிய நிகழ்ச்சி. பையன் ஆன்லைன் ஆட்டத்திலேயே கிடக்கிறான் என்று ஒரு தாய் சொல்ல, பிரதமர் உடனே, பப்ஜிக்காரனா என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அம்மாக்கள் கேட்டது படிப்புக்காக. அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. காந்திபுரத்திலும் பீளமேட்டிலும் போனைத் தலைகீழாக வைத்துவிட்டுப் பையன்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். "சோறு ஆறுது" என்ற முதல் அழைப்புக்கே எழுந்து வந்ததைப் பார்த்து அம்மாக்கள்தான் மிரண்டார்கள்.

2021 ஜூலை 2 அன்று அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. சிவப்பு ரத்தம் பச்சையாகியிருந்தது. சுட்டால் கறிவேப்பிலைச் சட்னி கொட்டுகிற மாதிரி. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம், செலவு ஏழாயிரம் ரூபாய்க்குள். பள்ளிக்கூடப் பையனுக்குத் தினம் ஏழாயிரத்தைக் கட்டுப்பாடு என்று கணக்குப் போட்டவர் திருப்பூரில் பெரிய எக்ஸ்போர்ட்டராக இருக்க வேண்டும். 2022 ஜூலை 28 அன்று மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் மறுபடி வந்தது. வருடக்கணக்காக ஆடினவர்கள் கேட்டுக் கிடைக்காத மாற்றமெல்லாம், ஒருநாளும் ஆடாதவர்களுக்காக ஒரே மூச்சில் நடந்தது.

ஆட்டம் செய்கிற பொறியாளர் யாராவது நம்ம ஊர்ப்பக்கம் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். ஆடு கத்தினால் காதைக் கொடுங்க. எங்கே வலிக்கிறது என்று அதற்குத்தான் தெரியும். புலி கத்தினாலும் கேளுங்க, அதுவும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறது. வேலியை எங்கே போடுவது என்று மட்டும் இரண்டிடமும் கேட்காதீங்க. புலி, வேலியே வேண்டாம் என்னும். ஆடு, பக்கத்துச் சோளக்காட்டையும் சேர்த்துப் போடச் சொல்லும்.