பஞ்சு மாற்றுகிறவர்

ஊருக்கு ஒரு ஜோசியர், ஊருக்கு ஒரு மைக்செட்காரர் என்றிருந்த காலம் போய், இப்போது ஊருக்கு ஒரு பஞ்சு மாற்றுகிறவரும் வந்துவிட்டார். மெத்தைக்காரர் என்று நினைத்துத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். இவர் மாற்றுவது ஹெட்போன் பஞ்சு. காதைச் சுற்றி வளையமாக உட்கார்ந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் உதிர்ந்து, காது மடலில் கறுப்புப் பொட்டு வைக்குமே, அதேதான்.

வாலிகண்டபுரத்தில் நான் பார்த்த ஆள் ஒருவரல்ல; நாலைந்து பேரைக் குழைத்து ஓர் ஆளாகப் பிடித்து வைத்திருக்கிறேன். யாராவது "அது நான்தானே?" என்று கேட்டால், இல்லை என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

வயது முப்பத்தைந்துக்குள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவர், கம்பெனி கதவைத் திறந்த பிறகும் ஏதேதோ சொல்லி ஊரிலேயே தங்கிவிட்டார். அம்மா மக்காச்சோளக் காட்டுக்குப் போவார். இவர் மாடி அறையில் மீட்டிங்குக்குப் போவார். நாள் முழுக்க ஹெட்போன். பெரம்பலூர் மாவட்டத்து வெயில் தெரிந்ததுதானே? சித்திரை, வைகாசியில் அந்த அறையில் காற்றாடி அனல்தான் வீசும். காதோரம் வியர்வை ஊற்றாக ஓடும். செயற்கைத் தோலின் மேல்பூச்சு பாலியூரித்தேன். அதற்குச் சூடும் ஈரமும் ஆகாது. வியர்வை பட்டுப்பட்டு, பூச்சின் பிணைப்பு அறுந்து ஏடு ஏடாக எழும்பும். ஒரு நாள் கேமராவைப் போட்டபோது பெங்களூரிலிருந்த மேலாளர், "காதுல என்ன, எறும்பா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வி இவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது.

500 ரூபாய்க்குள் மாற்றுப் பஞ்சு ஒரு ஜோடி வரவழைத்துப் போட்டார். காது நோவு போயிற்று. அதோடு நின்றிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். ஆனால் பாட்டின் சத்தமும் மாறிவிட்டது. சனி அங்கேதான் பிடித்தது.

இதில் பிரமை ஒன்றும் இல்லை. காதை முழுக்க மூடுகிற ஹெட்போனில் பேஸ் என்கிற அடி ஓசை நிற்பதே, பஞ்சு தலையோடு ஒட்டிக் காற்றை அடைப்பதால்தான். உதிர்ந்த ஓரம், மூக்குக் கண்ணாடிக் காம்பு போகிற சந்து என்று எங்கே காற்று கசிந்தாலும் முதலில் வெளியேறுவது பேஸ். ஊரின் பெயருக்கே காரணமானவன் ராமாயணத்து வாலி. அவன் பூஜித்த ஈசன் வாலீஸ்வரராக அங்கே கோயில் கொண்டிருக்கிறார். எதிரே நிற்பவன் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும் என்பது கதை. கசியும் பஞ்சுக்கும் அதே வரம். என்ன விலை கொடுத்து வாங்கிய ஹெட்போனாக இருந்தாலும் எதிரே நின்றால் பேஸில் பாதி காலி. வாலியையாவது மறைந்திருந்து அடிக்க முடிந்தது.

வெல்வெட் துணிப் பஞ்சு போட்டால் காது வேர்க்காது, ஆனால் துணி வழியே காற்று போய் பேஸ் மெலியும். தடித்த பஞ்சு போட்டால் காது உள்ளே இடிக்காது, ஆனால் ஸ்பீக்கர் காதைவிட்டுத் தள்ளிப்போய் மேல் ஓசைகள் இடம் மாறும். பாடகி 'ச' என்றால் ஊசியாகக் குத்தும், இல்லையென்றால் 'ச' இருந்த இடமே தெரியாது. ஓட்டை போட்ட தோல், ஆட்டுத்தோல், ஜெல் என்று இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கும். ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு பாட்டைக் கேட்டால் அவர் வெறும் ஹெட்போன்காரர். பஞ்சு மாற்றுகிறவர் அப்படிச் செய்ய மாட்டார்.

அவர் பஞ்சு மாற்றுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய பஞ்சை ஓரத்தில் நகம் கொடுத்து உரிப்பார். புதுப் பஞ்சின் பின்பக்கம் மெல்லிய தோல் விளிம்பு ஒன்று இருக்கும். அதை ஹெட்போன் கிண்ணத்தைச் சுற்றியுள்ள காடியில் இழுத்து மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் கீழே கழன்றுகொள்ளும். கீழே மாட்டினால் மேலே வாயைப் பிளக்கும். அதற்கென்று அவர் வைத்திருக்கும் கருவி குடும்பத்தின் ஸ்மார்ட் ரேஷன் கார்டு. கனமும் வளைவும் அதில்தான் சரியாம்; ஏ.டி.எம். கார்டில் எழுத்து புடைத்துக்கொண்டு தோலைக் கீறிவிடுமாம். கார்டின் முனையை விளிம்புக்குள் விட்டு, மூச்சை அடக்கி, ஒரு சுற்று. பாமாயில் போடுகிற நாளில் கீழேயிருந்து அம்மாவின் குரல் வரும்: "கார்டக் குடுத்துட்டு எந்தக் கருமத்தயாவது மாட்டுடா! கடய மூடிருவாங்க!"

மாட்டியாயிற்று. அடுத்தது பரிசோதனை. 'மூடுபனி' 1980இல் வந்த படம், இளையராஜாவின் நூறாவது படம். அதில் ஜேசுதாஸ் பாடிய கிடார் பாட்டுதான் இவருக்கு உரைகல். கண்ணை மூடுவார். கிடார் தொடங்கும். புருவம் ஏறும், இறங்கும். ஜேசுதாஸ் வாயைத் திறக்கப்போகிற நேரம் பார்த்துப் பாட்டை நிறுத்திவிட்டு, "லோ மிட்ல கொஞ்சம் வீக்கம் இருக்கு" என்பார். மறுபடி பழைய பஞ்சு, மறுபடி கிடார், மறுபடி நிறுத்தம். இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டின் சரணத்தை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டைக் கேட்பதற்குத்தான் பஞ்சு என்பது அவருக்கு மறந்துபோய் ரொம்ப நாளாகிறது. சரணம் தெரிந்தவர்கள் யார் என்றால், திருச்சி பஸ்ஸில் டிரைவர் போடும் பாட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்கிறவர்கள்.

குடும்ப வழியும் உண்டு. அப்பா அந்தக் காலத்தில் மழையானாலும் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பி, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கத்தியவர். தெரிந்த பிறகும் இறங்க மாட்டாராம். இன்னும் தெளிவாகத் தெரியுமோ என்று ஒரு சந்தேகம்.

கூரியர் பையன்களுக்கு இவர் பெயர் பாடம். யாரும் வீடு தேடி வருவதில்லை. "சார், ரோட்டுல நிக்கிறேன், வந்து வாங்கிக்கங்க" என்று போன் வரும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கும் ஓரத்தில் நின்று, உள்ளங்கையில் அடங்கும் பெட்டியை இவர் வாங்கிக்கொண்டு வருவார். வெங்காய விதை வந்திருக்கும் என்று ஆசையாகப் பார்க்கிற அப்பாவுக்கு மூஞ்சி தொங்கிப்போகும். அந்த லாரி இரைச்சலை அடைக்கத்தான் இந்தப் பாடு என்று இவர் நியாயம் சொல்வார். பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் 1751இல் ஆற்காடு நவாப் பட்டத்துக்காகச் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு புறம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறு புறம் பீரங்கி வைத்து அடித்துக்கொண்டார்கள். சத்தம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அன்றைக்கு ஜனங்கள் காதில் கையை வைத்துச் சமாளித்திருப்பார்கள்.

புரட்டாசியில் ஒரு பிரச்சினை வந்தது. ஆட்டுத்தோல் பஞ்சு வந்து இறங்கியதைப் பார்த்த அம்மா, "சனிக்கெழமயும் அதுவுமா தலையில ஆட்டத் தூக்கி வச்சுக்குவியா?" என்று தடுத்துவிட்டார். அந்த மாதம் முழுக்க 'புரோட்டீன் லெதர்' என்ற செயற்கைத் தோல்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு வேறு சந்தேகம்: "புரோட்டீனா? அதுல முட்ட கிட்ட இருக்குமாடா?"

இவருடைய மிகப் பெரிய படையெடுப்பு பெரம்பலூர்மீது நடந்தது. வெளிநாட்டுப் பஞ்சு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறதே என்று, பைக் சீட் தைக்கிற கடைக்குப் போனார்.

"அண்ணே, இதுக்குக் கவர் தைக்கணும்."

தைக்கிறவர் அந்த வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த வண்டிக்கு?"

"வண்டிக்கு இல்லண்ணே. காதுக்கு."

"காதுக்கா? ரெக்சின் போட்டா வேகுமே தம்பி. வெளிய ரெக்சின் போட்டு, காது படுற எடத்துல மட்டும் துணி வச்சுத் தைக்கட்டுமா?"

இவருக்குப் பேச்சு வரவில்லை. வெளியே தோல், உள்ளே துணி. இதைத்தான் 'ஹைப்ரிட்' என்று பெயர் சூட்டி வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்கின்றன. தைக்கிறவர் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். யோசித்தால் "எந்த வண்டிக்கு?" என்று அவர் கேட்டதும் தப்பில்லை. இன்றைக்கு விலை உயர்ந்த ஹெட்போன் பஞ்சுகளில் வைக்கும் மெமரி ஃபோம், 1966இல் அமெரிக்காவின் நாசா ஆய்வுக்காகப் பிறந்தபோது விமான இருக்கைக்கென்றே பிறந்தது. முதலில் சீட், அப்புறம்தான் காது.

தைத்துக் கொடுத்தது அழகாகத்தான் இருந்தது. இடது பக்கம் மட்டும் ஒரு நூல் தடிமன் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்து மாட்டிக் கேட்டால், நடுவில் உட்கார்ந்து வாசித்த கிடார்காரர் வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவரை நடுவுக்குக் கொண்டுவர இவர் பட்ட பாடு தனிக் கதை. வலது பஞ்சுக்குள் கிழிந்த பனியன் துணி போனதோடு அது முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரித்திரமும் விரல் நுனியில் இருக்கும். 1910 வாக்கில் நத்தானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்குக் கொடுத்தது, 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தது, 1968இல் சென்ஹைசர் எச்டி 414 வந்தது எல்லாம் சொல்வார். சொந்தத் தங்கச்சியின் கல்யாண வருஷத்தைக் கேட்டால் போனை எடுத்துப் பார்ப்பார்.

இவருக்கும் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா தனியாகத் தரகரைக் கூப்பிட்டு, "எப்பப் பாத்தாலும் காதுல எதயோ மாட்டிருக்காரே, மாப்பிள்ளைக்குக் காது கேக்குமுல்ல?" என்று விசாரித்தாராம். தரகர் அனுபவசாலி. "அவருக்குக் கேக்குறது நமக்கெல்லாம் கேக்காதுங்க" என்றாராம். சம்பந்தம் நின்றுபோனது.

கோயில் திருவிழாவில் மைக்செட்காரரிடமும் போய், குழாய் ஸ்பீக்கரில் டிரெபிள் ரொம்பக் கத்துகிறது என்றிருக்கிறார். மைக்செட்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தம்பி, பக்கத்து ஊருக்குக் கேக்குதுல்ல?" என்றார். கேட்கத்தான் செய்தது.

இத்தனையும் சொன்னேனே தவிர, ஒரு விஷயத்தில் அவர் பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம். ஹெட்போனில் பேஸ் செத்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கக் கிளம்புமுன், பஞ்சைப் பாருங்கள். தட்டையாகி, உதிர்ந்து, காதுக்கும் அதற்கும் சந்து விழுந்திருந்தால், உங்கள் மாடலுக்குப் பொருந்தும் அளவில் கிட்டத்தட்ட அதே தடிமனில் ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள். பத்து நிமிஷ வேலை. ரேஷன் கார்டு தேவையில்லை, தேய்ந்த ஸ்பூன் காம்பு போதும். மாட்டியதும் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிடுங்கள்.

பெரம்பலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பெரிய ஹெட்போனோடு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், என்ன பாட்டு என்று வேண்டுமானால் கேளுங்கள், சுருக்கமாகப் பதில் வரும். என்ன பஞ்சு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிறகு நீங்கள் இறங்க வேண்டிய ஊர் போய்விடும்.