மழைக்குத் தெரியுமா சந்தா பாக்கி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் மனை உரிமையாளர் சங்கத்தில் பாதிப் பேர் சென்னைவாசிகள். சந்தா கேட்டால், "கோடைக்கு மட்டும்தானே வருகிறோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மழை ஆள் இருக்கிறாரா என்று பார்த்தா வருகிறது? அவர்கள் இல்லாத ஐப்பசியில்தான் பாதை அரிக்கும், தடுப்புச் சுவர் உப்பும். மேல் மனைக்காரர் வாய்க்காலில் கொட்டிய கட்டட மண், கீழ் மனைக்காரர் சமையலறைக்கு வந்து சேரும். 2009 நவம்பர் நிலச்சரிவை நீலகிரி மறக்க முடியுமா? செப்டம்பருக்குள் வாய்க்காலைத் தூர்வாரியே ஆகவேண்டும்; அதற்குப் பணம் வேண்டும். வசூலுக்கு வலு சேர்க்க, சங்கத்தை 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யுங்கள், 7 பேர் போதும். பொதுக்குழுவை மே மாதத்தில், எல்லோரும் வர்க்கியும் டீயுமாக மலையில் இருக்கும்போதே கூட்டுங்கள். அடைத்துக் கிடக்கும் வாய்க்காலுக்கு நேரில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். ரசீதுப் புத்தகம் கையிலேயே இருக்கட்டும்.