டிஸ்க் அண்ணன்

உறைக்குள் இருக்கும் கேம் டிஸ்க்கை எப்படி வெளியே எடுப்பது என்பதை டிஸ்க் அண்ணனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் குமிழை ஆள்காட்டி விரலால் மெல்ல அமுக்குவார். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பை மட்டும் தொடும். டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துக் கீறல் பார்ப்பார். பிறகு மூக்குக்கண்ணாடித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடைப்பார். வட்டமாகத் துடைக்கிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. இவ்வளவும் முடிந்து விளையாட்டு தொடங்குவதற்குள் விருந்தாளி இரண்டாவது டீயைக் குடித்திருப்பார்.

இவரை நான் திருக்கோகர்ணத்தில் பார்த்திருக்கிறேன். அறந்தாங்கியில் வேறு சட்டையில் பார்த்திருக்கிறேன். பொன்னமராவதியில் செல்போன் கடை வைத்திருப்பவரும் இவரேதான். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று எல்லோரையும் ஒரே ஆளாக்கி எழுதுகிறேன்.

அண்ணனுக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது. டிவி கேம் கேசட்டை வாயால் ஊதிச் சொருகி, திரையில் மரியோ வரும்வரை சாமி கும்பிட்ட தலைமுறை. அந்தக் கேசட்டின் மேல் ‘99999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு விளையாட்டுதான் பெயரை மாற்றி மாற்றி வரும். அட்டையில் அச்சடித்ததை நம்பக் கூடாது என்ற பாடம் அன்றைக்கே படிந்திருக்க வேண்டும். படியவில்லை.

இன்று அவர் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அவர் அம்மா அதில் கொலு பொம்மை வைக்க ஆசைப்பட்டார். கிடைத்தது கீழ்த்தட்டு மட்டும். மேலே நீல உறைகள் வரிசையாக நிற்கின்றன. பாதி உறைகளின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை. “விளையாட வாங்குனியா, வேடிக்கை பாக்க வாங்குனியாடா?” என்று அம்மா வாரம் ஒருமுறையாவது கேட்கிறார். பதில் வந்ததில்லை. சரக்கில் பெரும்பகுதி சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரிலிருந்து மாமா கொண்டுவந்தது. சிங்கப்பூர் டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் வாங்கும் கூடுதல் பகுதிகள் பல சமயம் பொருந்தாது. அதைப் பற்றிக் கேட்டால் அண்ணன் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

எதிர்க்கட்சி சொந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. கீரனூரில் இருக்கும் மாமா மகன், பொறியியல் படிப்பவன், டிஸ்க்கைத் தொட்டே அறியாதவன். 2024 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 54,990 ரூபாய், போடாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். மாப்ளை மிச்சம் பிடித்த பத்தாயிரத்தை அண்ணனுக்குத் தீபாவளி, பொங்கல் என்று பார்க்காமல் நினைவுபடுத்துவான்.

“மச்சான், நான் படுத்துக்கிட்டே கேம் மாத்துவேன். நீங்க ஒவ்வொரு வாட்டியும் எந்திரிச்சுப் போவணும்.”

“நான் எந்திரிப்பேன் மாப்ள. கால் இருக்கு. உன் கேமுக்குத்தான் கால் இல்ல. அவன் சர்வரை மூடுனா எங்க போய் நிக்கும்?”

இந்த இடத்தில் அண்ணன் புராணம் தொடங்குவார். 2013 ஜூன் 10, லாஸ் ஏஞ்சல்ஸ், இ3 கண்காட்சி. எக்ஸ்பாக்ஸ் ஒன் வாங்குகிறவன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், கேமைக் கடன் கொடுக்கவும் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்த நேரம். சோனி அரை நிமிடம்கூட ஓடாத படம் ஒன்றை வெளியிட்டது. தலைப்பு, கேமை அடுத்தவருக்குக் கொடுப்பது எப்படி. ஒரு அதிகாரி இன்னொருவரிடம் டிஸ்க்கை நீட்டுகிறார், அவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார், படம் முடிந்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அண்ணன் இதைச் சொல்லும்போது கண் கலங்கும். அதே சோனி 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை டிஸ்க் போடும் வாயே இல்லாமல் விற்றது, வாய் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள் என்றது. அந்த அத்தியாயத்தை அண்ணன் பாராயணம் செய்வதில்லை. அந்த மாதம் அது இந்தியக் கடைகளுக்கு வராததை மட்டும் கடவுள் செயல் என்பார்.

கடன் கொடுப்பதில் அவர் சட்டம் கடுமையானது. அதற்கென்று ஒரு நோட்டு. பெயர், தேதி, டிஸ்க்கின் நிலை, உறையின் நிலை, பெற்றுக்கொண்டவர் கையொப்பம். அடகுக் கடையில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். திரும்பி வரும் டிஸ்க்கை முகர்ந்தும் பார்ப்பார். “பரோட்டா தின்னுட்டுத் தொட்டிருக்கான்” என்று ஒருவனை ஆறு மாதம் தள்ளிவைத்தார். இத்தனை காவலுக்கும் நடுவில் காட் ஆஃப் வார் டிஸ்க் போய்விட்டது. வாங்கிப்போன பையன் ஆலங்குடிக்காரன். திடீரென்று விசா வந்துவிட்டது. பெட்டியில் ஊறுகாயோடு டிஸ்க்கையும் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும்போது ஒரு டிஸ்க் போகக் கூடாதா என்ன? நோட்டில் அந்த வரி இன்னும் அடிக்கப்படவில்லை.

டிஸ்க்கைத் திரும்ப விற்றுக் காசாக்கலாம் என்பதுதான் டிஸ்க் கட்சியின் பெரிய வாதம். மாப்ளை ஒருநாள் மடக்கினான்: இதுவரை எத்தனை விற்றிருக்கிறீர்கள்? அண்ணன் அசரவில்லை. “விக்கிறது முக்கியமில்ல மாப்ள. விக்கலாங்கிற உரிமைதான் முக்கியம்.” இந்தப் பதிலை இன்றுவரை நான் வியக்கிறேன். விற்காத நிலத்தைப் பற்றி நம் தாத்தாக்கள் இதைத்தான் சொன்னார்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் பற்றியும் சொல்ல வேண்டும். நகம் அளவு கார்ட்ரிட்ஜைக் குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாதென்று அதன்மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்பைப் பூசியிருக்கிறார்கள். கேள்விப்பட்ட அன்றே அண்ணன் நக்கிப் பார்த்தார். இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் முகத்தில் வெற்றிக் களை. “உன் டவுன்லோடை நக்க முடியுமாடா?” என்று கீரனூருக்கு ஃபோன் போட்டார்.

கஜா புயலின்போது அவர் செய்ததையும் ஊர் மறக்கவில்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வெளிவந்தது 2018 அக்டோபர் 26. பிளேஸ்டேஷன் 4-க்கு இரண்டு டிஸ்க்குகள். ஒன்று ஏற்றுவதற்கு, இன்னொன்று விளையாட. சரியாக மூன்று வாரத்தில், நவம்பர் 16 விடியலில், கஜா வந்தது. ஓடு பறக்கும் சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லோரும் ரேஷன் கார்டைத் தேட, அண்ணன் இரண்டு டிஸ்க்கையும் வேட்டியில் சுருட்டி அரிசிப் பானைக்குள் வைத்தார். டிஸ்க் தப்பியது. தென்னையும் பலாவும் போயின. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மாப்ளைக்கு நெட் இல்லை, அண்ணனுக்குக் கரண்ட் இல்லை. மாவட்ட வரலாற்றில் இரு கட்சியும் சமமாக இருந்த காலம் அது ஒன்றுதான்.

அலமாரியில் டிஸ்க்குகளுக்கு நடுவே சின்னக் கிண்ணத்தில் ஒரு செப்புக் காசு இருக்கிறது. தொண்டைமான் சமஸ்தானத்தின் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அரண்மனை கொடுத்தது, தாத்தா வழியாக வந்தது. விவாதம் முற்றினால் அண்ணன் இதைத்தான் எடுப்பார்.

“சமஸ்தானம் 1948-லயே இந்தியாவோட சேந்துருச்சு. காசு என் கையில இருக்கு பாரு. டிஜிட்டலா இருந்திருந்தா அன்னிக்கே அழிச்சிருப்பான்.”

“சரி மச்சான். அதைக் கொண்டுபோய்க் கடையில குடுத்து ஒரு கடலைமிட்டாய் வாங்கிட்டு வாங்க.”

அந்தக் கடலைமிட்டாய்க் கேள்விக்குப் பதில் 2024-இல் வந்து சேர்ந்தது. யூபிசாஃப்டின் தி க்ரூ, 2014-இல் வந்த கார்ப் பந்தயம். 2024 மார்ச் 31-ஆம் தேதி அதன் சர்வரை மூடினார்கள். தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்ததால் டவுன்லோடு செய்தவனும் ஆட முடியவில்லை, டிஸ்க் வைத்திருந்தவனும் ஆட முடியவில்லை. மறுநாள் மாப்ளை கீரனூரிலிருந்து பஸ் ஏறித் துக்கம் விசாரிக்க வந்தான். கையோடு இன்னொரு செய்தியும் கொண்டுவந்தான்: 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது 70 எம்பி சொச்சம், மற்றதெல்லாம் நெட்டில்தான் இறக்க வேண்டும். அட்டையில் ஒன்று, உள்ளே ஒன்று. அண்ணன் அன்று இரவு இருப்பு எடுத்தார். நெட் இல்லாமல் ஓடுகிற டிஸ்க்குகள் ஒரு தட்டு, ஓடாதவை ஒரு தட்டு. இரண்டாவது தட்டுக்கு இடம் போதவில்லை என்று அம்மா சொன்னார். அண்ணன் மறுக்கிறார்.

ஆனாலும் மனிதர் தளரவில்லை. ‘வாங்கு’ என்று போட்டுவிட்டு உரிமத்தை மட்டும் விற்கிற கடைகள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அதே 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் சட்டம் கையெழுத்தானது. அந்தச் செய்தியை லேமினேட் செய்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார். அதற்குப் பின்னால் சீல் பிரிக்காத டிஸ்க் ஒன்று இருக்கிறது. அதே கேமைத் தள்ளுபடியில் டிஜிட்டலாகவும் வாங்கி வைத்திருப்பதை அவர் கணக்குப் பட்டியலில் என் கண்ணாலேயே பார்த்தேன். “சீல் உடையக் கூடாதுல்ல” என்றார். அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை.

கணக்குப் பார்த்தால் மாப்ளை சொல்வதுதான் சரி. இரவல் வாங்க ஆள் இருக்கும்வரை நான் அண்ணன் கட்சி. மாப்ளையிடம் நூறு கேம் இருந்தும் ஒன்றைக் கேட்டு அவன் வீட்டுக்கு யாரும் போனதில்லை. அண்ணன் வாசலில் சனிக்கிழமை சாயங்காலம் செருப்பு விட இடமிருக்காது.

சிங்கப்பூரில் இருக்கும் ஆலங்குடித் தம்பி இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த லீவில் வரும்போது அந்தக் காட் ஆஃப் வாரைக் கொண்டுவந்துவிடப்பா. உறையும் வேண்டும். ஊறுகாய் எண்ணெய் பட்டிருந்தால் நேர்கோடாகத் துடைத்துக் கொண்டுவா.