ஒரு ஆம்ப்ளிஃபயர், நாலு நாட்டாமை

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் லேத்துக்குச் சந்தனம் குங்குமம், காதுக்கு சவுண்டு சர்வீஸ். வாடகைக்கு வருவது ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெட்டி. பாட்டுப் போட வருவதோ முதலாளி மகனின் செல்போன், சூப்பர்வைசரின் பென்டிரைவ், கணக்குப் பார்க்கும் அம்மாவின் பக்திப் பாடல், பூசாரியின் மைக்.

"அண்ணே, எல்லா ஒயரையும் ஒண்ணா முறுக்கி உட்டுடலாமா?" என்பார் எலக்ட்ரீஷியன். விடலாம். ஒரு கருவியின் சிக்னல் ஆம்ப்ளிஃபயருக்குப் போகாமல் அடுத்த கருவிக்குள் புகுந்து உட்காரும். பாட்டு மெலியும், கரகரக்கும். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஓரளவு சமாதானம். முறையாகச் செய்ய மிக்ஸர் வேண்டும்: ஆளுக்கொரு சேனல், ஆளுக்கொரு குமிழ்.

அங்கேதான் வினை. தன் குமிழை ஏற்றத் தெரியாதவர் யாருமில்லை. இறக்கத் தெரிந்தவரும் யாருமில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல் என்கின்றன. பவர் பிரஸ் ஓடும் ஷெட்டில் அதை யார் கேட்டார்கள்?

சவுண்டு சர்வீஸ்காரருக்கு மின்னியலும் தெரியும், வாடகை யார் கையிலிருந்து வரும் என்பதும் தெரியும். அதனால் செல்போனுக்கும் மைக்குக்கும் மட்டும் ஒயர் கொடுத்திருப்பார். மற்ற இருவரும் உயிரில்லாத குமிழைத் திருகி, "இப்பத்தான் சரியா இருக்கு" என்று தலையாட்டுவார்கள்.