குதிரைக்காரன் லேட்டு, ஒயின் பிரமாதம்

நேரம் தவறாமைக்குப் பேர்போன நாடு ஜெர்மனி. ரயில் விஷயத்தில் அந்தப் பேர் கெட்டுச் சில காலம் ஆகிறது. அது வேறு கதை. ஒயின் விஷயத்தில் அந்தப் பேருக்கு அவர்கள் எப்போதுமே லாயக்கில்லை. ஜெர்மன் ஒயினில் உருப்படியான பலதும் யாரோ ஒருத்தர் லேட்டாக வந்ததால் கிடைத்தவை. உருப்படாமல் போனதில் பாதி, அதிகாரிகள் சரியான நேரத்துக்கு ஆபீஸ் வந்ததால் நேர்ந்தவை.

ஆரம்பித்து வைத்தவர்கள் ரோமானியர்கள். எல்லையில் நிறுத்திய சிப்பாய்க்குக் குடிக்க ஒன்றும் கொடுக்காவிட்டால் சாம்ராஜ்யம் நிற்காது என்று தெரிந்தவர்கள். மோசல் ஆற்றங்கரையில் கொடி நட்டார்கள். அங்கே நொய்மாகன் என்ற ஊரில் மூன்றாம் நூற்றாண்டு ஒயின் வியாபாரி ஒருவரின் கல்லறைச் சிற்பம் கிடைத்தது. கல்லில் செதுக்கிய கப்பல், அதில் பீப்பாய்கள், துடுப்புப் போடும் ஆட்கள். தாடிக்கார மாலுமி ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறார். சரக்கை யார் ருசி பார்த்தது என்று தனியாக விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டியதில்லை. ட்ரியர் அருங்காட்சியகத்தில் இன்னமும் சிரிக்கிறார். பதினெட்டு நூற்றாண்டாகத் தெளியவில்லை.

அடுத்து பேரரசர் சார்லமேன். இங்கெல்ஹைம் அரண்மனையிலிருந்து ரைன் நதியின் எதிர்க்கரையைப் பார்த்தாராம். ஒரு குன்றில் மட்டும் பனி சீக்கிரம் உருகியிருந்ததாம். “அங்கே நடு” என்றாராம். கதை கதைதான். ஆனால் அரசுப் பண்ணைகளுக்குப் போன உத்தரவு ஒன்று நிஜம்: திராட்சையை யாரும் காலால் மிதிக்கக் கூடாது. ஐரோப்பாவில் பாதியை மிதித்தவருக்குத் திராட்சை மேல் மட்டும் இத்தனை கருணை.

பிறகு துறவிகள் வந்தார்கள். 1136இல் ரைன்காவ் பகுதியில் எபர்பாக் மடத்தை நிறுவிய சிஸ்டர்சியன் துறவிகள் உலகத்தைத் துறந்தார்கள், தோட்டத்தைத் துறக்கவில்லை. 1435இல் காட்சனெல்ன்போகன் என்ற வாயில் நுழையாத பெயர் கொண்ட பிரபுவின் கணக்குப்பிள்ளை, ரூசல்ஸ்ஹைம் தோட்டத்துக்கு ரீஸ்லிங் கொடி வாங்கிய செலவை நோட்டில் எழுதிவைத்தார். ரீஸ்லிங்கின் பிறப்புச் சான்றிதழ் அந்தச் செலவுக் கணக்குதான். குளிர் தாங்கும், ஆனால் மகா சோம்பேறி: மற்றவை பழுத்து ஓய்ந்த பிறகுதான் இது பழுக்க யோசிக்கும். அதற்கு வெயில் முழுதாகப் படும் செங்குத்துச் சரிவு வேண்டும், பகல் சூட்டை ராத்திரிக்குச் சேமித்து வைக்கும் கற்பலகை மண் வேண்டும், முக்கியமாக அவசரப்படாத முதலாளி வேண்டும்.

அப்படி ஒரு முதலாளி 1775இல் தன்னை அறியாமலே கிடைத்தார். ரைன்காவ் பகுதியின் யோஹான்னிஸ்பெர்க் குன்று அப்போது ஃபுல்டா ஆயரின் சொத்து. ஆயரும் அவரே, அரசரும் அவரே. அவர் சீட்டு இல்லாமல் ஒரு குலையைத் தொடக் கூடாது. வருஷா வருஷம் ஒரு குதிரைக்காரன் மாதிரிப் பழத்தோடு ஃபுல்டா போய் அனுமதி வாங்கி வருவான். அந்த வருஷம் போனவன் போனவன்தான். கொள்ளையர் பிடித்தார்கள் என்பது ஒரு கட்சி. ஆயர் வேட்டைக்குப் போயிருந்தார் என்பது இன்னொரு கட்சி. வழியில் ஒரு பெண் என்பது மூன்றாவது. என் ஓட்டு அதற்குத்தான்.

பக்கத்துத் தோட்டங்களில் அறுத்து, பிழிந்து, பீப்பாயில் ஊற்றி மூடியாகிவிட்டது. இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். கண்ணெதிரே திராட்சை சுருங்குகிறது, சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூக்கிறது. ஒருவழியாக ஆசாமி வந்து சேர்ந்தான். தலைவிதியே என்று பிழிந்தார்கள். அடுத்த வசந்தத்தில் ருசித்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். பூஞ்சை தோலில் நுண்துளை போட்டு, தண்ணீர் ஆவியாகி, சர்க்கரையும் மணமும் உள்ளேயே செறிந்திருந்தன. ஆறின கஞ்சி அமிர்தமான கதை. தாமத அறுவடை என்ற பொருளில் ஷ்பேட்லேஸ என்று பெயர் வைத்தார்கள். ஹங்கேரியின் டோக்காய்க்காரர்கள் இதை நூறு வருஷத்துக்கு முன்பே செய்தாயிற்று என்று முணுமுணுப்பார்கள், நியாயம்தான். ஆனால் லேட்டாக வந்தவனுக்கு யோஹான்னிஸ்பெர்க் மாளிகை முற்றத்தில் சிலை வைத்தவர்கள் ஜெர்மானியர்கள். நேரத்துக்கு வந்த எந்தத் தபால்காரருக்கு யார் சிலை வைத்தார்கள்?

1829இல் விளைச்சல் படுமட்டம். பிங்கன் பக்கம் ட்ரோமர்ஸ்ஹைமில் இதை எவன் அறுப்பான் என்று கொடியிலேயே விட்டுவிட்டார்கள். 1830 பிப்ரவரியில் மாட்டுக்குத் தீவனமாகட்டும் என்று பறித்தபோது, உறைந்த திராட்சையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தேன் வடிந்தது. ஐஸ்வைன் பிறந்தது. மாடுகளுக்கு நஷ்டஈடு கிடைத்ததாகத் தகவல் இல்லை. இதற்கு வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி செல்சியஸுக்குப் போக வேண்டும். 2019 அறுவடைப் பருவத்தில் ஜெர்மனியின் 13 ஒயின் பிரதேசங்களில் ஒன்றில்கூட அந்தக் குளிர் வரவில்லை.

இதுவரை எல்லாம் நல்லபடி. இனி அதிகாரிகள்.

ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரின் பொற்கொல்லர் ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே, திராட்சைச் சாறு தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்று பார்க்க ஒரு மிதவைக் கருவியைச் செம்மைப்படுத்தினார். ஒரு லிட்டர் சாறு 1,085 கிராம் இருந்தால் 85 எக்ஸ்லே. பாவம், அவர் நல்ல மனுஷன். 1971இல் வந்த ஒயின் சட்டம் அந்த எண்ணையே தெய்வமாக்கிவிட்டது. கபினெட், ஷ்பேட்லேஸ, ஆவுஸ்லேஸ, பேரன்ஆவுஸ்லேஸ, ட்ரோக்கன்பேரன்ஆவுஸ்லேஸ என்று படிகள். கடைசிப் படியைச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் காலியாகிவிடும். எந்த மண், எந்தச் சரிவு, யார் செய்தது என்ற கேள்வியே கிடையாது. சர்க்கரை இருக்கிறதா, இந்தா பட்டம்.

அதோடு, சுமார் 30,000 தோட்டப் பெயர்களைச் சுருக்கி 2,600 சொச்சமாக்கினார்கள். பற்றாததற்கு பீஸ்போர்ட்டர் மிகெல்ஸ்பெர்க் போன்ற கூட்டுப் பெயர்கள். பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃஷன் என்பது ஆற்றைப் பார்த்த அற்புதமான சரிவு. மிகெல்ஸ்பெர்க் என்பது பல ஊர்களின் தட்டை நிலமெல்லாம் சேர்ந்த கதம்பம். லேபிளில் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். க்ரோவ் ஊரின் கூட்டுப் பெயரோ ‘அம்மணக் குண்டி’: லேபிளில் ஒரு பையன் கால்சட்டை இறங்கி அடி வாங்குகிறான். சட்டப்படி பதிவான பெயர். எந்தக் கமிட்டியில் எந்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்களோ!

தட்டை நிலத்துக்கு ஏற்ற கொடியும் தயாராக இருந்தது. 1882இல் கைசன்ஹைமில் சுவிஸ்காரர் ஹெர்மன் முல்லர் உருவாக்கிய முல்லர்-துர்காவ். சீக்கிரம் பழுக்கும், கொட்டிக் காய்க்கும், ருசி சுமார். ரீஸ்லிங்குக்கும் சில்வானருக்கும் பிறந்தது என்று நூறு வருஷம் பாடப்புத்தகத்தில் படித்தார்கள். மரபணுச் சோதனையில் மேடலின் ராயல் என்ற மூன்றாம் ஆள் மாட்டினான். 1970களில் நாட்டில் அதிகம் பயிரான ரகம் இதுதான். வோர்ம்ஸ் ஊர் மாதா கோவிலைச் சுற்றிய தோட்டத்து ஒயினுக்குரிய லீப்ஃப்ராமில்ஷ் என்ற பெயரை, முல்லர் வகையறா கலந்த சர்க்கரைத் தண்ணீருக்கு ஒட்டி உலகம் முழுக்க விற்றார்கள். 1985இல் ஆஸ்திரிய ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்தது அம்பலமானபோது, அந்த ஒயினை வாங்கிக் கலந்த சில ஜெர்மன் பாட்டில்களும் சேர்ந்து சிக்கின. மானம் கப்பலேறியது, இந்தக் கப்பலில் சிரிக்கிற மாலுமி இல்லை.

நல்ல தோட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1910இல் தொடங்கிய வி.டி.பி. சங்கம் நிலத்தை வைத்துத் தனியாகத் தரம் பிரித்தது. அரசாங்கம் 2021இல் அதே வழிக்கு வந்தது: விளைந்த இடம் எவ்வளவு சிறிதாகக் குறிக்கப்படுகிறதோ அவ்வளவு உயர்வு. முழு அமலுக்கு 2026 அறுவடை வரை அவகாசம் கொடுத்தது. ஐம்பது வருஷம் லேட். அவர்கள் வழக்கப்படி நல்ல சகுனம்.

ஜெர்மன் ஒயின் என்றாலே இனிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ட்ரோக்கன் என்று தனிச்சொல்லாகப் போட்டிருந்தால் இனிக்காது. அது இல்லையென்றால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள்: 8 சதவீதம் என்றால் இனிக்கும், 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிக்காது. மூடியில் கழுகு இருந்தால் வி.டி.பி.; நம்பி வாங்கலாம். மிகெல்ஸ்பெர்க் கண்ணில் பட்டால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.