இஷ்டப்பட்ட பள்ளிக்கூடம்

வாம்மா, குந்து. ஷூ கம்பெனி பஸ்சு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். உம்புள்ளைய எந்த இஸ்கூல்ல போடறதுன்னு கேட்டியே, நீ குடுத்து வெச்சவம்மா! 2016-ல போட்ட மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம், 31-ஆவது பிரிவு. குறை 40 சதவீதமாவது இருக்குன்னு சர்ட்டிபிகேட் இருந்தா, 6 வயசுலேர்ந்து 18 வரைக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடமோ சிறப்புப் பள்ளியோ, உன் இஷ்டம், இலவசப் படிப்பு. ஆம்பூர் பிரியாணிக் கடையில கூட இப்படி இஷ்டத்துக்கு பீஸ் பொறுக்க வுடமாட்டான்.

மொதல்ல அந்த சர்ட்டிபிகேட்ட வாங்கு. 2019-ல நம்ம ஆம்பூர வேலூர் மாவட்டத்துலேர்ந்து பிரிச்சு திருப்பத்தூரோட சேத்துட்டாங்களா, அலையற திசையாவது புதுசாச்சு.

தனியார் பள்ளியா ஆசை? அதுக்கும் வழி கீது. 2009 கல்விச் சட்டத்துல நூத்துக்கு 25 எடம். 2012-ல திருத்தி, மாற்றுத்திறன் புள்ளைங்களையும் உள்ள சேத்தாங்க. ஃபீஸ பள்ளிக்கூடத்துக்கு சர்க்காரே கட்டிடும், உன் கையில ஒரு பைசா காட்டாது. ஆனா எடம் எல்.கே.ஜி.யில, அது இல்லாத பள்ளியில ஒண்ணாங் கிளாஸ்ல மட்டும். புள்ளைக்கு இன்னா கொறைன்னு டாக்டர் கண்டுபிடிக்கறதுக்குள்ள உம்புள்ள ரெண்டாங் கிளாஸ்ல குந்தினு இருப்பான்! 2025-ல இன்னும் கூத்து. ஒன்றிய அரசும் மாநில அரசும் துட்டுக்கு மல்லுக்கட்டி, வெயில் காலத்துல தொறக்கற சேர்க்கை அக்டோபர்லதான் தொறந்துச்சு.

இன்னொண்ணு. நம்ம பக்கத்துல பேர் போன பள்ளிக்கூடம் பாதி யாரு கட்டினது? தோல் வியாபாரம் பண்ண சாயபுமாரும் லுத்தரன் மிஷன்காரங்களும். தர்மமா கட்டினாங்க, நாலு தலைமுறை படிச்சுது. அதெல்லாம் சிறுபான்மைப் பள்ளி, அதுக்கு இந்த 25 எடம் கிடையாதுன்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டுது. ஆனா 2016 சட்டத்துல 16-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அங்கீகாரம் வாங்கின எந்தப் பள்ளியும் கொறைய காட்டி புள்ளைய ஒதுக்கக் கூடாது. வாசல் தொறந்துதான் இருக்கும், ஃபீஸ் உந்தலையில.

முனிசிபாலிட்டி பள்ளிக்கூடமா? ராஜாத்தி மாதிரி போ. சின்ன கிளாஸ்ல இப்படிப்பட்ட 10 புள்ளைங்களுக்கு ஒரு சிறப்பு டீச்சர் வேணும்னு 2021-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா அந்த டீச்சரம்மா பல பள்ளிக்கூடம் சுத்தி வர்றவங்க. அவங்க வர்ற கிழமையில மட்டும் உம்புள்ளைக்கு பாடம் புரியணும்னு வேண்டிக்கோ.

சிரிக்காத. நெஜமா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. எந்தப் பள்ளியிலயும் "எடமில்ல"ன்னு வாயாலதான் சொல்லுவாங்க. நீ மனுவ எழுத்துல குடு, முத்திரை போட்ட ரசீது வாங்கு, "இல்லன்னா அதையும் எழுதிக் குடுங்க சார்"னு பணிவா நில்லு. பாதிப் பேருக்கு அப்பவே எடம் ஞாபகம் வந்துடும். எழுதிக் குடுத்துட்டாங்களா? ஜெராக்ஸ் ரெண்டு எடு. ஒண்ணு மாற்றுத்திறனாளி கமிஷனருக்கு. இன்னொண்ணு எங்கிட்ட குடு, டீக்கடையில நான் சத்தமா படிக்கறேன்.